யன்னல் கம்பியில் கட்டிய வலை

கொழும்பு, வெள்ளவத்தை லொட்ஜில் என் பக்கத்து அறைக்காரர், சண்டைக்குள் ஊரைவிட்டு வந்த மீனவர். கரைவலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டு அவரிடம் ஏராளம். கயிறு பிடிக்காமல் அவருக்குப் பாட்டு வராது. யன்னல் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி, இழுத்து இழுத்துத்தான் பாடுவார்.

ஒரு ஞாயிறு, பதிவு செய்ய ரேப் ரெக்கோடருடன் போனேன். மிச்சக் கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"பிடியும் தம்பி. நான் பாட, நீர் ஏலேலோ சொல்லி இழும்."

பாட்டுத் தொடங்கிய பிறகுதான், ரெக்கோடரில் பதிவுப் பொத்தானை நான் அமத்தவில்லை என்பது நினைவு வந்தது.

"அண்ணை, ஒருக்கா விடட்டே?"

"விட்டிடாதையும், வலை போயிடும்!"

நான் விடவில்லை. அடுத்த கிழமை அவர் அறை காலியாக இருந்தது. அந்தப் பாட்டில் இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது, நான் சொன்ன ஏலேலோ மட்டும்தான்.