பெட்டி காட்டிய மேற்கு

1930-களின் தொடக்கத்தில், காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில் ரேடியோப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். இப்படியும் ஒரு வேலையா என்று சிரிக்காதீர்கள். ரங்கூனில் ரேடியோக் கடையில் இருந்த என்னை, பெட்டியோடு பெட்டியாகக் கப்பலில் ஏற்றிக் கூட்டிவந்தார் அந்த வீட்டு முதலாளி.

பெட்டிக்கு மேல் கம்பி சுற்றிய மரச்சட்டம் ஒன்று உண்டு. அதைத் திருப்பித் திருப்பித்தான் கொழும்பைப் பிடிக்க வேண்டும். எங்கேயாவது மின்னல் வெட்டினால் பாட்டுக்கு நடுவே கரகரவென்று இரைச்சல் வரும். சட்டத்தின் விளிம்பு மின்னல் இருக்கும் திசையைப் பார்த்தால் இரைச்சல் கூடும், குறுக்கே திருப்பினால் அடங்கிவிடும். இதை விளையாட்டாக ஒரு நாள் முதலாளியிடம் காட்டித் தொலைத்தேன். அன்றிலிருந்து நான்தான் அந்த வீட்டு வருண பகவான். நெல் காயப்போடலாமா, பக்கத்து ஊர் கல்லலுக்கு வண்டி கட்டலாமா என்று எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்டார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறியது.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். சட்டத்துக்கு இரண்டு விளிம்பு. ஒன்று மேற்கைக் காட்டினால் மற்றது கிழக்கைக் காட்டும். மின்னல் இந்தக் கோட்டில் இருக்கிறது என்று பெட்டி சொல்லுமே தவிர, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. வேறு ஊரிலும் ஒரு பெட்டி வைத்து, இரண்டு கோடும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பார்த்தால்தான் இடம் தெரியும். ரங்கூனுக்கு வந்த ஒரு கப்பல் தந்திக்காரர் சொல்லித்தந்தது இது. இதைச் சொன்னால் என் மதிப்பு என்ன ஆவது? கோடை இடி பெரும்பாலும் மேற்கே இருந்ததால் மேற்கு என்றே அடித்துவிட்டேன். பல நாள் பலித்தது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். வீட்டு முகப்பின் உச்சியில் சாரம் கட்டி, ஐந்து பேர் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்த முட்டைப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் செய்கிற வேலையா அது? தையில் வீட்டில் கல்யாணம், அதற்குள் முடிந்தாக வேண்டும் என்று முதலாளிக்குப் பிடிவாதம். அந்தப் பூச்சை ஈரம் போவதற்குள் தேய்த்து முடிக்க வேண்டும். நடுவில் கையை எடுத்தால் திட்டுத் திட்டாகிவிடும், மொத்தத்தையும் கொத்திப்போட்டு மறுபடி பூச வேண்டியதுதான்.

மேலிருந்து கொத்தனார் குரல் கொடுத்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர்.

"அய்யா, கெழக்க கறுத்துக்கிட்டு வருது. மின்னுது. நாங்க எறங்கிக்கிறோம்."

முதலாளி என்னைக் கூப்பிட்டு, பெட்டி என்ன சொல்கிறது என்று கேட்டார். இரைச்சல் காதைப் பிளந்தது. சட்டத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குன்றக்குடிப் பக்கம், மேற்கே இருக்கிறது, காற்று கிழக்கிலிருந்து அடிப்பதால் இங்கே வராது என்றேன். கோடையில் பலித்ததை, கிழக்கிலிருந்து மழை வரும் ஐப்பசியிலும் சொன்ன மடையன் நான். பத்து எட்டு நடந்தால் வாசல். நிமிர்ந்து வானத்தைப் பார்க்கவில்லை.

"ரங்கூன் பெட்டியவிட ஒனக்குத் தெரியுமோ? பூச்ச முடிச்சிட்டு எறங்குடா!" என்று மேலே பார்த்துக் கத்தினார் முதலாளி.

கொத்தனார் பூச்சிலிருந்து கையை எடுத்தார். பூசுகிற கரணையைச் சட்டியில் போட்டார். மற்ற நாலு பேரையும் முன்னால் இறக்கிவிட்டுக் கடைசியில் இறங்கினார். அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது இடி விழுந்தது. உச்சியில் சாரக் கம்பு நெட்டுக்குப் பிளந்தது. அவர்கள் ஐவரும் நின்றிருந்த பலகை கருகிப் புகைந்தது.

முதலாளிக்கு ஐந்து உயிர் தப்பியது கண்ணில் படவில்லை. மழையில் வழிந்த பூச்சுதான் பட்டது. சொன்ன பேச்சைக் கேட்காதவனுக்கு இங்கே வேலை இல்லை என்று கொத்தனாரை அப்போதே விரட்டினார். சாயங்காலம் இடி விழுந்த இடத்தைப் பார்க்க வந்தவர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா?

"நம்ம பெட்டி முன்னாடியே சொல்லிருச்சு. அதான் ஆளுகள எறக்கிப்புட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் பக்கத்தில் கைகட்டி நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பொய் சொன்னார், அந்தப் பொய்க்கு நான் சாட்சியாக நின்றேன். யார் மேல் அதிகக் கோபப்படுவது?

நாலு நாள்தான் தாங்க முடிந்தது. கல்லல் பக்கம் கொத்தனாரின் ஊருக்கே போய், இரண்டு விளிம்பு விஷயத்தையும் இரண்டாவது பெட்டி விஷயத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னை முறைத்தார்.

"ஏண்ணே, இன்னொரு எடத்துல இருந்து பாத்துச் சொல்ல ஒண்ணு வேணும்னு தெரிஞ்சுதானே இருந்தீக? நான் மேல நின்னு கெழக்கன்னு கத்துனேனே, அது என்னண்ணே?"

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலையும் போயிற்று. கொத்தனாரை அவர் கடைசிவரை திரும்பக் கூப்பிடவில்லை.

இன்றைக்கும் யாராவது ஒரு கருவியைக் காட்டி, கண்ணால் பார்த்தவனின் வாயை அடைத்தால் எனக்குக் கோபம் பொங்குகிறது. அன்று சாரத்தில் நின்றவரை நம்ப எனக்குப் பத்து எட்டுகூட நடக்கத் தோன்றவில்லையே என்பதில்தான் அந்தக் கோபம் வந்து முடிகிறது.