பீங்கான் கப் கொடுத்தவள்

வாசலக்காவுக்கு அந்தப் பேரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. சட்டசபை உறுப்பினர் அலுவலகத்தின் தெருக்கதவைத் தள்ளியதும் கண்ணில் படுகிற முதல் மேசை அவளுடையது. அவளைத் தாண்டி ஒரு ஈ கூட உள்ளே போக முடியாது. சட்டசபையில் எழுந்து நின்று தூய தமிழில் முழங்குகிற உறுப்பினரே இங்கே வந்தால், "வாசலக்கா, இன்னைக்கு யாரெல்லாம் காத்திருக்காங்க?" என்றுதான் கேட்பார். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை. எதற்குப் பொய் சொல்ல வேண்டும், நிறையவே பெருமை.

அவர் உறுப்பினர் ஆவதற்கு முன்னால் மருந்துக்கடை வைத்திருந்தார். அவள் அந்தக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருமலுக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் வீட்டுச் சண்டை வரை அவரிடம் கொட்டிவிட்டுப் போவார்கள். அவரும் காது கொடுத்தால் முழுசாகக் கொடுப்பார். பின்னால் நிற்கிறவன் "சார், எனக்குத் தலைவலி" என்று கத்தினால்தான் திரும்புவார். அந்தக் காதுதான் அவரை முதல் தேர்தலில் ஜெயிக்க வைத்தது. வேன் இல்லை, மைக் இல்லை. தெருத் தெருவாக நடந்தார், கூடவே இவளும் நடந்தாள். செருப்பு தேய்ந்ததுதான் செலவு.

இரண்டாவது தேர்தலில் எதிராளி பணத்தைத் தண்ணீராக இறைத்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் முகம் சிரித்தது. நம் ஆள் பயந்துபோனார், பாவம். அப்போதுதான் பட்டறை முதலாளி வந்தார். பழைய பேட்டரிகளை வாங்கி உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கி விற்கிற தொழில் அவருக்கு. பெரிய பட்டறை. மனுஷன் பஞ்சு மாதிரி மெத்தென்று பேசுவார். வேன் கொடுத்தார், கூட்டம் போட மண்டபம் பிடித்துக் கொடுத்தார், விளம்பரச் செலவை ஏற்றுக்கொண்டார். இன்னும் நாலைந்து பேர் அதே மாதிரி வந்தார்கள். எல்லாமே சட்டப்படி ரசீது போட்டு வாங்கியதுதான். உறுப்பினர் மறுபடி ஜெயித்தார்.

வினை அதற்கப்புறம்தான் வந்தது. உறுப்பினருக்கு முகம் நினைவில் நிற்காது. ஒரு நாள் பட்டறை முதலாளி உள்ளே போய் உட்கார்ந்ததும், "சொல்லுங்க, உங்களுக்கு என்ன பிரச்சினை? மனு கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டு வைத்தார். கிழிந்தது போங்கள்! முதலாளி சிரித்துச் சமாளித்தாலும் முகம் தொங்கிவிட்டது. அவர் போனதும் உறுப்பினர் வெளியே வந்து, "வாசலக்கா, என் மானமே போச்சு. இனிமே யார் நமக்கு வேண்டியவங்கன்னு எனக்கு எப்படியாவது முன்கூட்டியே தெரியணும்" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அவளுக்கு மூளை சும்மா இருக்குமா? மறுநாளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வருகிறவர்களுக்கு டீ கொடுப்பது வழக்கம்தானே. தேர்தலுக்கு உதவினவர்களுக்குப் பீங்கான் கப், மற்றவர்களுக்குப் பேப்பர் கப். கையில் இருப்பதைப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். வந்தவருக்குச் சந்தேகமும் வராது. உறுப்பினர் குழந்தை மாதிரி கைதட்டினார். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ" என்றார். அன்று வீடு வரைக்கும் அவள் கால் தரையில் பாவவில்லை.

முகம் மறந்துபோய் அசடு வழியக் கூடாது என்பதற்காக ஆரம்பித்த காரியம், சத்தியமாக வேறொன்றுமில்லை. ஆனால் நாளாக ஆக என்ன நடந்தது என்றால், பீங்கான் கப்பைக் கண்டால் உறுப்பினர் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார், கதவைச் சாத்தச் சொல்வார், அங்கேயே அதிகாரிக்குப் போன் போடுவார். பேப்பர் கப்பைக் கண்டால் பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போகும். "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, பார்க்கலாம்" என்பார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கே அது தெரியாது என்றுதான் வாசலக்கா நினைத்தாள். அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் டீ ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். லஞ்சம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு முறை ஒருவன் மேசையில் ஒரு கவரை வைத்ததற்கு அவனைத் தெருவரை துரத்தினாள். ஆனால் இதற்கு என்ன பேர் சொல்வது என்று அவள் யோசித்துப் பார்க்கவே இல்லை.

இந்த நிலைமையில்தான் தம்பி வந்தான்.

அவள் கூடப் பிறந்தவன், பஸ் டிப்போவில் மெக்கானிக். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மாட்டான். மனை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊரெல்லாம் கடன் வாங்கி ஒரு வீடு கட்டினான். எங்கே? அந்தப் பட்டறைச் சுவரை ஒட்டி. காலையில் ஜன்னலைத் துடைத்தால் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி படிந்திருக்கும். அவன் மகள், வாயாடிக் குட்டி, கடைப் பலகைகளை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்து எல்லாரையும் அசத்திக்கொண்டிருந்தவள், கொஞ்ச நாளாகப் படித்ததை மறக்க ஆரம்பித்தாள். வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாள். டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது, அந்த இடத்தில் இருக்கும் வரை மருந்து கொடுத்தும் பிரயோசனம் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டை வாங்க யார் வருவார்கள்? வாடகைக்கு வேறு இடம் போகக் கையில் எங்கே காசு? அதே சமயம் சட்டசபைக்கு ஒரு மசோதா வந்தது. ஈயம் உருக்குகிற பட்டறைகள் குடியிருப்புப் பக்கம் இருக்கக் கூடாது என்று. அது நிறைவேறினால் பட்டறை போகும், பிள்ளை பிழைப்பாள்.

"அக்கா, உன்கிட்ட சிபாரிசுக்கு வரல," என்றான் தம்பி. "எல்லாரையும் மாதிரி பெஞ்சில உக்காந்து, என் முறை வந்ததும் பேசிட்டுப் போறேன்."

எல்லாரையும் மாதிரி! எல்லாருக்கும் என்ன கிடைக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவன் முறை வந்தபோது பழக்க தோஷம், கை தானாகப் பேப்பர் கப்புக்குத்தான் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டாள். பீங்கான் கப்பை எடுத்து, நிறைய ஊற்றி, தம்பி கையில் கொடுத்து உள்ளே அனுப்பினாள்.

உறுப்பினர் கப்பைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார். "கதவைச் சாத்துங்க வாசலக்கா."

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கேட்டாள். அவள் தம்பி பேசினான்! தட்டுத் தடுமாறி ஆரம்பித்து, அப்புறம் மடை திறந்த மாதிரி. உறுப்பினர் குறுக்கே குறுக்கே கேட்டார். புகை எந்த ஜன்னல் வழியாக வருகிறது, பிள்ளை எங்கே விளையாடுவாள், கை கழுவாமல் சாப்பிடுவாளா, தூக்கம் எப்படி. பழைய மருந்துக்கடைக்காரர் அப்படியே திரும்பி வந்துவிட்டார். வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே கலங்கியிருந்தது. தம்பி தோளில் கை போட்டுத் தெரு வரைக்கும் வந்தார். "நானே எழுந்து பேசுறேன். அந்தப் பட்டறையை அங்கேருந்து கிளப்பாம விடமாட்டேன். பிள்ளையைப் பத்திரமா பார்த்துக்கோங்க" என்றார்.

"அக்கா," என்றான் தம்பி, "என் ஜென்மத்துல நான் சொல்றதை யாரும் இப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லக்கா."

அவன் தெருமுனை திரும்பினதும் உறுப்பினர் அவள் மேசைப் பக்கம் குனிந்தார். "இவரு எந்தத் தேர்தல்ல நமக்கு உதவினாரு? எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரலையே."

"அவன் என் தம்பி சார். ஒண்ணும் கொடுக்கல."

அவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே வாசலக்கா," என்றார். கோபமே இல்லை. "நல்ல மனுஷன். பாவமாத்தான் இருக்கு. ஆனா..." என்று இழுத்தார். அந்த ஆனாவை முடிக்காமலே உள்ளே போய்விட்டார்.

சொல்லியிருந்தால் இப்படிக் கேட்டிருப்பீர்களா என்று அவள் கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது, முழுங்கிவிட்டாள். அந்த முழுங்கலை நினைத்து நினைத்து இன்று வரைக்கும் அவள் நெஞ்சு பொறுக்காமல் தவிக்கிறாள்.

பட்டறை முதலாளி அந்த வாரமே வந்தார். பீங்கான் கப் கொடுத்தது யார்? இவள்தான், இவள் கைதான். கதவு சாத்தியிருந்தாலும் பேச்சு கேட்டது. உறுப்பினரின் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் எப்படி நடந்தது, முதலாளி மகனுக்கு எந்தக் காலேஜ், இப்படி ஏதேதோ. மசோதாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த மனுஷன் இத்தனை வருஷத்தில் இதைச் செய், அதைச் செய் என்று ஒரு தடவை கூடக் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. கிளம்பும்போது, "அடுத்த தேர்தலையும் நாம சேர்ந்தே பார்த்துக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார்.

மசோதா நிறைவேறியது. ஆனால் ஒரு வரியைப் புதிதாகச் சேர்த்துவிட்டார்கள். ஏற்கெனவே நடக்கிற பட்டறைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதாம். அந்த வரி வேண்டும் என்று கை தூக்கினவர்களில் நம் உறுப்பினரும் ஒருவர். எழுந்து பேசுகிறேன் என்றவர், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் இது. தம்பிக்கும் தெரியும். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான் என்று வாசலக்கா நினைத்தாள். ஒரு விதத்தில் அது நிம்மதியாகக்கூட இருந்தது.

அவன் வந்தான். அடுத்த தேர்தல் வேலை ஆரம்பித்த சமயம், டிப்போ உடுப்போடு, கையெல்லாம் கிரீஸ்.

"போஸ்டர் ஒட்ட ஆள் வேணுமாக்கா? வீடு வீடா போய்ச் சொல்லவும் வர்றேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருக்குடா?"

"வேற யாருக்கு? அவருக்குத்தான். எங்க தெருவுல எல்லாரும் அவரைக் கண்டபடி திட்டுறாங்க. எனக்கும் அவங்களுக்கும் கைகலப்பே ஆயிடுச்சு. மேலேருந்து சொல்லியிருப்பாங்க, மனசில்லாமத்தான் கையைத் தூக்கியிருப்பாரு. என்னை அன்னைக்கு எப்படிக் கேட்டாரு! கண்ணுல தண்ணி வந்துச்சேக்கா. அப்படிப்பட்டவரு மனசறிஞ்சு செய்வாரா?"

"குட்டி எப்படி இருக்கா?"

"அப்படியேதான்." அவன் சுவரில் இருந்த உறுப்பினர் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "காசு கொடுக்க எனக்கு வக்கில்ல. உடம்பால உழைக்கிறேன்."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. அவனைப் பெஞ்சில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். கப்பைப் பற்றிச் சொன்னாள், அது யாருடைய யோசனை என்று சொன்னாள், அன்றைக்கு அவன் போனதும் உறுப்பினர் குனிந்து என்ன கேட்டார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். திட்டட்டும், அடிக்கட்டும், அத்தனைக்கும் தயாராக இருந்தாள்.

தம்பி திட்டவில்லை. கிரீஸ் படிந்த விரல்களை உடுப்பில் துடைத்தான்.

"அப்ப அவரு காது கொடுத்தது எனக்கு இல்ல," என்றான்.

"மன்னிச்சிருடா."

"ஏன்க்கா சொன்ன?" அவன் எழுந்தான். "பட்டறை போகாதுன்னு தெரியும். பிள்ளைக்கு இனிமே அவ்வளவுதான்னும் தெரியும். ஒருத்தர் உக்கார வெச்சுக் கேட்டாருன்னு ஒண்ணாவது கையில இருந்துச்சு. அதையும் பிடுங்கிட்டியே."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.