தேவனூர் நாட்டில் ஒரு கிளிப்பொந்து

பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஆறு பத்துக்கு நாமக்கல்லில் கொல்லிமலைப் பேருந்து கிளம்பியது. சன்னலோர இருக்கை கிடைத்தும் நிலையாக உட்கார முடியவில்லை. மடியில் இருந்த சின்னக் கையேட்டைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தேன்.

கையேடு நான் எழுதியது. கரூரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. பறவை பார்ப்பது விடுமுறை நாள் பைத்தியம். பத்து வருடத்துக்கு முன் வெளிவந்த அந்தக் கையேட்டில், செந்தலைக் கிளிக்கு நேரே, ‘கொல்லிமலையில் சாதாரணமாகக் காணலாம்’ என்று எழுதியிருந்தேன். ஒரே ஒரு நாள் மலைக்குப் போய், ஒரே ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதிய வரி. மறுபதிப்பு வருகிறது, ஏதாவது மாற்றம் உண்டா என்று பதிப்பாளர் போன வாரம் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று முதல் தூக்கமும் சரியில்லை.

ஊரில் நாம் பார்க்கும் பச்சைக்கிளி அல்ல இது. அதைவிடச் சிறியது. ஆணுக்குத் தலை மட்டும் பழுத்த நாவல் நிறமும் ரோஜா நிறமும் கலந்தாற்போல் இருக்கும். பெண்ணுக்குச் சாம்பல் தலை. வால் நுனியில் வெள்ளை. உலகப் பட்டியலில் இப்போதைக்கு அழிவு அபாயம் குறைந்த இனங்களோடு வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்து வருகிறது என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது. ஒரு மலையில் அது என்ன ஆனது என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

சேந்தமங்கலத்தில் ஐந்து நிமிடம் நின்றார்கள். காரவள்ளி தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. எழுபது கொண்டை ஊசி. நாற்பதாவது வளைவில் முன் இருக்கைப் பெண் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே மரங்களைப் பார்த்தேன். குரங்குகள், கொண்டைக் குருவிகள். கிளி இல்லை.

எட்டே முக்காலுக்குச் செம்மேடு. அங்கிருந்து தேவனூர் நாட்டுக்கு ஆட்டோ, இருநூற்றைம்பது ரூபாய். மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. ஓட்டியவர் கந்தசாமி. நான் தங்க அறை தரும் ராசம்மாள் அவருக்கு அத்தை மகள்.

“கிளி பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?” என்றார். “முன்னயெல்லாம் சாமைக் காட்டுல வந்து அப்பிக்குமுங்க. டப்பாவத் தட்டித் தட்டித் தொரத்துவோம். இப்ப எல்லாப் பக்கமும் குச்சிக்கெழங்குதானுங்களே. கெழங்கக் கிளி திங்குமா?” அவர் சொன்னது மரவள்ளியை.

அன்று மாலை ஐந்தரை வரை நடந்தேன். பதினோரு கிலோமீட்டர். காட்டுக்குக் காடு சில்வர் ஓக் நேர்நேராக நின்றது, அதில் மிளகுக்கொடி. எல்லாம் இளமரங்கள். கிளி பொந்தில்தான் முட்டையிடும். பொந்து விழ மரம் வயதாக வேண்டும், அல்லது பட்டுப்போக வேண்டும். ஒரே ஒருமுறை தூரத்தில் ‘டூயி’ என்று செந்தலைக் கிளியின் குரல் கேட்டது. ஓடினேன். ஒன்றும் இல்லை.

ராசம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் திருப்பூரில் கட்டட வேலை. இரண்டு பெண் குழந்தைகளும் நான்கு ஆடுகளும் அவரோடு. களியும் கீரையும் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “கொஞ்சம் ஒரு எடத்துல உக்காருங்க. கால் நோகாதுங்களா?” நான் தட்டோடு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை, ஆறு நாற்பது. பல் துலக்க ஆட்டுக்கொட்டகையின் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு பெரிய மரம் பட்டுப்போய் நின்றது. அதன் நுனிக்கிளையில் செந்தலையோடு ஒரு கிளி! வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். கிளி இரண்டு முறை கூப்பிட்டது. முப்பதடி உயரத்தில் இருந்த பொந்திலிருந்து சாம்பல் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. ஆண் போய் அதன் வாயில் இரையை வைத்தது.

“ராசம்மா! ராசம்மா! இங்க வாங்க, கிளி கூடு வெச்சிருக்கு!” என்று கத்தினேன். பக்கத்து வீடுகளில் இருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

ராசம்மாளின் முகத்தில் சந்தோஷம் இல்லை. “இன்னிக்கு இந்த மரத்தை வெட்டறதுக்கு ஆள் வாராங்க. போன மழைக்குக் கிளை முறிஞ்சு விழுந்து ஒரு ஆடு செத்துப்போச்சு. அடுத்தது எங்க ஊட்டு மேலதான் விழுகும். ஆபீசுல எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கவே மூணு மாசம் அலைஞ்சேனுங்க.”

எட்டு மணிக்கு மரம் வெட்டும் மாதேசு கயிற்றோடும் ரம்பத்தோடும் வந்தார். வெட்ட வேண்டாம் என்று நான் ராசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. அந்தக் கிளையின் கீழே தூங்குவது என் பிள்ளைகள் அல்ல.

“குஞ்சு இருக்குதான்னு மொதல்ல பாரு மாதேசு” என்றார் ராசம்மாள்.

மாதேசு மரத்தில் ஆணி வைத்து அடித்து, அதில் கால் வைத்து ஏறிப் பொந்துக்குள் பார்த்தார். “மூணு குஞ்சுங்க்கா. இறகு இப்பத்தான் குத்துது.” கீழே இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: “ஏனுங்க, சந்தையில ஒரு குஞ்சு என்ன வெலைக்குப் போகும்ங்க?”

சுற்றிலும் பார்த்தேன். ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். காலையில் நான் கத்தும்வரை இந்தப் பொந்து யாருக்கும் தெரியாது. ஊரைக் கூட்டியது நான்தான்.

“பிடிக்கறது, வளக்கறது, விக்கறது எல்லாமே குத்தம்” என்றேன்.

“சும்மா கேட்டனுங்க” என்று அவர் சிரித்தார். கூடவே இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ராசம்மாள் சிரிக்கவில்லை. “இதுக பறக்க எத்தனை நாளாகும்?”

“மூணு வாரம். கூடினா நாலு.”

அவர் மரத்தையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். “நாலு வாரம் பொறுக்கறேன். அதுக்கு மேல ஒரு நாள் இல்லீங்க. கோடை மழை எறங்கிட்டா எம்பட புள்ளைகள நான் எங்க கொண்டுபோய்ப் படுக்க வெப்பேன்?” பிறகு மாதேசுவிடம் திரும்பினார். “ஊட்டுப் பக்கம் சாஞ்ச கிளைய மட்டும் கைரம்பத்துல அறு. மிசின் வேண்டாம். இன்னிக்குக் கூலி முழுசாத் தந்தர்றேன். எறங்கறப்ப அந்த ஆணியெல்லாம் புடுங்கிட்டு எறங்கு.”

கிளையை அறுக்க இருபது நிமிடம் ஆயிற்று. பெண்கிளி பொந்தைவிட்டுப் பறந்தது. இரண்டும் சேர்ந்து வட்டமடித்துக் கத்தின. அப்புறம் இரண்டையும் காணவில்லை. நான் கொட்டகைக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை முறை நடந்தேனோ தெரியாது. குஞ்சைக் காப்பாற்றுகிறேன் என்று தாயைத் துரத்திவிட்டேனோ? பத்து ஐம்பதுக்குப் பெண் திரும்பி வந்தது. பொந்து விளிம்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனது.

மதியம் ராசம்மாள் முள் வெட்டி வந்து மரத்தின் அடியைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கட்டினார். நான் முள்ளை எடுத்துக் கொடுத்தேன். இருவர் கையிலும் ரத்தம். வழியில் போனவர்களைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார்: “இது எம்பட காடு. இந்த மரத்துல எவன் கால் வெச்சாலும் அவன் ஊட்டு முன்னால போய் நிப்பேன்.”

ஞாயிறு காலை கிளம்பினேன். கீழே இறங்கும் பேருந்தில் கையேட்டை எடுத்து, அந்த ‘சாதாரணமாக’வை அடித்தேன். இரண்டு நாளில் பார்த்தது ஒரு சோடி. அதை வைத்து அரிது என்றும் எழுத முடியாது. கடைசியில், ‘சில இடங்களில் கூடு கட்டுகிறது, எத்தனை என்று தெரியவில்லை’ என்று எழுதினேன். குஞ்சு பிடிப்பவர்களுக்கு வழி காட்டக் கூடாதென்று இடப்பெயர் சொல்லவில்லை. கரூரில் எங்கள் தெரு அரச மரத்தில் அன்று மாலையும் பச்சைக்கிளிகள் நூற்றுக்கணக்கில் வந்து இரைந்தன. இத்தனை கிளி இருக்கும் ஊரில், ஒரு வகைக் கிளி குறைகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இருபத்தாறாம் நாள் ராசம்மாள் போனில் கூப்பிட்டார்.

“மூணும் பறந்துருச்சுங்க! கடைசிக் குஞ்சு வெளிய வர மத்தியானம் ஆயிருச்சு. கஞ்சி கூடக் குடிக்காம நின்னு பாத்தேன்.”

நான் அச்சகத்தில் எழுந்து நின்று சிரித்ததைப் பார்த்து எல்லோரும் திரும்பினார்கள்.

“மறுநாளே மரத்தை எறக்கிட்டோமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

தப்பு இல்லை என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். மரம் போனதால்தான் இங்கே நாட்டின் பெயரையும் சொல்ல முடிகிறது.

அவர் தொடர்ந்தார்: “காட்டுக் கடைசியில ஒரு பலா பட்டுப்போயிருக்குதுங்க. ஊட்டுக்கு எட்டத்துலதான் நிக்குது. அதை வெட்டாம வுட்டுட்டேன். அதுல பொந்து விழுகறதுக்கு எத்தனை வருசம் ஆகும்?”

மரங்கொத்தி கொத்த வேண்டும், உள்ளே உளுத்துப்போக வேண்டும் என்று ஏதோ சொன்னேன். எத்தனை வருடம் என்று எனக்குத் தெரியவில்லை என்றேன்.

“தெரியலன்னாப் பரவால்லீங்க” என்றார். “அடுத்த தையில அதுக வந்தா எங்க போகும்?”