உணவுப் பலகையில் ஒரு வட்டம்

ஜேர்மனியின் ஹம் நகரில் நான் படிப்பிக்கும் பள்ளியின் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அன்றைய உணவை எழுதி முடித்ததும், சமையலறையில் வேலைசெய்த ரீச்சர் அடியில் ஒரு வட்டம் போடுவார். கவராயம் கிடையாது. தோள் ஒருமுறை சுழலும்; தொடங்கிய புள்ளியிலேயே சோக்கு வந்து நிற்கும். பிள்ளைகள் அதற்குள் கண்ணும் வாயும் வரைந்துவிட்டு ஓடுவார்கள். எங்கள் பள்ளி அவருக்குக் கொடுத்த ஒரே கரும்பலகை அதுதான்.

யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவர் அவர். நான் சிறுமியாக இருந்தபோது ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, ஆசிரியர் வேலைக்கு அனுப்பிய விண்ணப்பத்தைப் பற்றி அம்மாவிடம், "அன்ட்ராக் திரும்பி வந்திட்டுது அக்கா. ஒரு பாடம் மட்டும் படிப்பிச்சவ இஞ்ச ரீச்சர் இல்லையாம், ரெண்டு வேணுமாம்" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பிறகு அவர் இந்தப் பள்ளியின் சமையலறை வேலைக்குப் போனார். ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு அவர் ரீச்சர்தான்.

காலம் போய் நானே அந்தப் பள்ளியில் ஆசிரியையானேன். முதல் வருடம், கணித ஆசிரியர் நோயில் விழுந்தார். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை, "தற்காலிக இடம்தான், முழுச் சான்றிதழ் தேவையில்லை. யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார். பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் குனிந்து என் குறிப்புக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் இருந்த ஒரே தமிழ் முகம் நான். சமையலறையைக் கைகாட்டினால் என்னையும் அங்கேயே சேர்த்துவிடுவார்களோ என்று பயம். கேவலமான பயம்தான், வேறென்ன சொல்ல? அப்போது யாரோ ஒரு கோப்பை கோப்பியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரீச்சர் ஓய்வுபெற்ற அன்று, அந்தக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் இருந்ததை அழுதுகொண்டே அவரிடம் சொன்னேன்.

"தெரியும் பிள்ளை. அண்டைக்குக் கோப்பி கொண்டுவந்தது நான்தானே."

"நீங்களே கேட்டிருக்கலாமே, ரீச்சர்?"

"கோப்பி கொண்டுவாறவள் கேட்டா அது வேலைக்குக் கெஞ்சிறது. நீர் சொல்லியிருந்தா அது சிபாரிசு."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன மாதம் மறுபடியும் கணிதத்துக்கு ஆள் இல்லை. ரீச்சரின் இடத்தில் இப்போது வேலைசெய்யும் சிரியப் பெண் தன் ஊரில் கணிதம் படிப்பித்தவர். கை உயர்த்தி அவர் பெயரைச் சொன்னேன். தலைமையாசிரியை குறித்துக்கொண்டு, "நாளைக்கே வரச் சொல்லுங்கள்" என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிடத்தைத்தான் நான் ரீச்சருக்குக் கொடுக்கவில்லை.

மத்தியானம் மண்டபத்துக்குப் போனேன். பலகையில் பருப்புச் சூப் என்று எழுதியிருந்தது. அடியில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன். முனைகள் சேரவில்லை. அழிக்க மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.