கோழி அடைப்பும் பொங்கல் சுண்ணாம்பும்

மறைமலை நகரில் ஓர் ஆலையில் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். ஹெல்மெட் போடுங்கள், கையுறை மாட்டுங்கள் என்று நாள் முழுவதும் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கேட்பதற்கு யாருக்கும் கொடுக்கவில்லை. ஆகவே யாரும் கேட்கவில்லை. நான் வகுத்த விதிமுறைக்கு முழுதாகக் கட்டுப்பட்டவை, 1991 தை மாதத்தில், பென்னலூரில் சில நாட்டுக்கோழிகள் மட்டுமே.

அவை என் வீட்டுக்கார அம்மாளுடையவை. வீட்டின் முன்பகுதியில் நான் குடியிருந்தேன். பின்பக்கம் கம்பிவலை கட்டிய கோழி அடைப்பு. அந்தப் பின்பக்கம் அவருக்கும் பக்கத்து வீட்டில் இருந்த அவருடைய கொழுந்தனாருக்கும் பொது. அந்த வருடம் பொங்கல் கழிந்தும் மழை விடவில்லை. அடைப்பில் எச்சம் சேறாகி, நெடி இரண்டு வீட்டுச் சமையலறையிலும் குடியேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனாரின் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"அண்ணி, மாப்ள வூட்டுக்காரங்க மூக்கப் புடிச்சிக்கினு எப்படிக் கேசரி துன்னுவாங்க? ஒண்ணு நாத்தம் போவணும், இல்ல கோழி போவணும். கறிக்கடையில சொல்லி வச்சிட்டேன்."

"என் கோழி மேல கைய வச்சிப் பாரு, அப்ப தெரியும்! நாத்தம்தானே? பொங்கலுக்கு வாங்கின சுண்ணாம்பு மீதி கீது. கொட்னா போச்சு."

அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கச் சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்குவார்கள். தேவையானதைப் பானையில் தண்ணீர் விட்டு நீற்றிக்கொண்டு, நீற்றாத மீதியைக் கோணியில் கட்டி வைப்பார்கள். அப்புறம் சாக்கடையோ, செத்த எலியோ, எங்கே நாறினாலும் அதில் ஒரு கை. அம்மாள் கோணியை இழுத்துக்கொண்டு போனபோது நான் குறுக்கே போய் நின்றேன்.

"அம்மா, இது ஈரத்துல பட்டா கொதிக்கும். கோழிக்குக் காலு வெந்துடும், கண்ணு போயிடும்."

"வெத்தலையில தடவித் தினம் துன்றோம். எங்க வாயி வெந்தா பூட்ச்சி?"

"நீங்க தடவறது நீத்தினது, அதுவும் துளியூண்டு. கோழி இதுலயே நடக்கும், இதுலயே கொத்தும், இதுலயே புரளும்."

புரளும் என்றதும் யோசித்தார். அவருடைய கோழிகளுக்கு மண்ணில் புரள்வது தினசரி அலுவல். கோணி திரும்பிப் போனது.

சனிக்கிழமை வேலை தொடங்கியது. முதலில் கோழிகளை வெளியேற்ற வேண்டும். மழைக்கு ஒதுங்க வேறு இடம் இல்லாததால், என் அறையில் மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து அவற்றை உள்ளே வைத்தோம். பிறகு ஈர எச்சத்தைச் சுரண்டிக் கொல்லை மூலையில் குவித்து மண் போட்டு மூடினோம். நாற்றத்தில் பெரும்பங்கு அதோடு போய்விட்டது. இந்த உண்மையைச் சொன்னால் சுண்ணாம்பு விற்பவர்களுக்குக் கோபம் வரும். அடைப்பின் மேல் மழைக்குத் தார்ப்பாய் கட்டி, உள்ளே உலர்ந்த மரத்தூள் பரப்பி, அதன்மேல் ஸ்ரீபெரும்புதூர் உரக்கடையில் வாங்கிய சுண்ணாம்புக்கல் தூளை மெல்லத் தூவிக் கிளறினேன். வயலுக்குப் போடும் தூள் அது. சுடாத கல்லை அரைத்தது, கொதிக்காது. ஆனாலும் தூசி தூசிதான். ஆகவே கண்ணாடி, கையுறை, மூக்கில் துணி, காலில் ரப்பர் பூட்ஸ் சகிதம் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

சுவருக்கு அப்பால் தெருவே கூடிவிட்டது.

"இன்னா சார், கோழிக்கு வெல்டிங் வைக்கிறியா?"

"சும்மா கெடடா, சார் நிலாவுக்குக் கெளம்பறாரு!"

தூசி அடங்கும்வரை கோழிகள் திரும்பக்கூடாது என்பது விதி. நான் ஞாயிறு மாலைவரை என்று நீட்டினேன். விதியைவிட ஒரு படி மேலே நிற்பது என் தொழில் வியாதி. அந்த இரவு நானும் சேவலும் ஒருவரை ஒருவர் தூங்கவிடவில்லை.

ஞாயிறு காலை பின்பக்கத்தில் மரவாடி வாசனை. கொழுந்தனார் மூக்கை நீட்டி நீட்டிப் பார்த்தார். குறை கிடைக்காத ஏமாற்றத்தில் மூலைக் குவியல் அவர் கண்ணில் பட்டது.

"இத்த வுட்டுட்டியே சார்!"

"மூடியிருக்கு. மக்கட்டும், தொடாதீங்க."

தலையாட்டினார். ஆலையில் அந்தத் தலையாட்டலை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் குளித்து வருவதற்குள் மண்ணை விலக்கி, பொங்கல் சுண்ணாம்பைக் கோணியோடு கவிழ்த்து, எட்டி நின்று ஒரு குடம் தண்ணீரும் ஊற்றிவிட்டார். எட்டி நின்றதால் அவர் கண் பிழைத்தது. குவியல் சீறியது, புகைந்தது. சுட்ட சுண்ணாம்பு ஈர எச்சத்தில் சேர்ந்தால் உள்ளே அடைந்து கிடந்த காரநெடியை ஒட்டுமொத்தமாக வெளியே துரத்தும். அது பின்பக்கத்தை நிறைத்து, அவர் வீட்டுக் கூடத்தில் புகுந்தபோது, வாசலில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது.

எல்லோரும் கண்ணீர் விட்டார்கள். பெண்ணைப் பார்க்கும் முன்பே அழுத சம்பந்திகளை நான் வேறெங்கும் கண்டதில்லை. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி நெடி வராத இடம் தேடி நேராக என் அறைக்குள் வந்தார். பின்னாலேயே கூட்டம், கேசரி, பெண். கூடைக்குள் ஒரு பெட்டை முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டியது.

"இன்னாமா இது, கோழியெல்லாம் ரூம்ல கீது?"

"நாத்தம் வரக்கூடாதுன்னு சார் வச்சிருக்காரு," என்றார் வீட்டுக்கார அம்மாள்.

"அப்ப அந்த நாத்தம்?"

அம்மாள் கொழுந்தனாரைப் பார்த்தார், அவ்வளவுதான். எல்லோரும் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா கூடைப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "எங்க கோழியெல்லாம் சீக்குல பூட்ச்சி. அடை வைக்க ஒண்ணு குடுப்பியா?"

"பொண்ணோட அனுப்பறேன்," என்றார் வீட்டுக்கார அம்மாள்.

"ரெண்டா அனுப்பலாம் அண்ணி," என்றார் கொழுந்தனார், தரையைப் பார்த்தபடி.

மாலையில் கோழிகள் அடைப்புக்குத் திரும்பி, உலர்ந்த மரத்தூளில் புரண்டன. கறிக்கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த கொழுந்தனார் என் வாசலில் நின்றார். குவியலை மறுபடி மண் போட்டு மூட வேண்டுமாம்.

"சார், அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் குடு."

கொடுத்தேன். இரண்டடி போய்த் திரும்பினார்.

"கையுறையும்."