லியோனார்டின் நீலப் பெட்டி

மண்டியிட்டு, காதைத் தரையோடு சாய்த்து, தரையில் கிடக்கும் நீலப் பெட்டியின் திருகை ஒரு நூல் அளவு திருப்புகிறான் லியோனார்ட். எழுந்து பேஸ் கிடாரில் ஒரு தட்டு. உதட்டைப் பிதுக்குகிறான். மறுபடி மண்டி. ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலுக்குப் பூசைக்கு முன்னமே வருகிறவர்கள், பையனுக்கு என்ன பக்தி என்றுதான் நினைப்பார்கள். பையனுக்கு நாற்பத்தாறு வயது. என் சித்தி மகள் ஆலிஸ் பெற்ற மூன்றில் நடுப்பிள்ளை. அவள் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் போலவே இவனுக்கும் முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து.

காலால் மிதிக்கிற அந்த நீலப் பெட்டிக்கு கம்ப்ரசர் பெடல் என்று பெயர். பழைய பனியனில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவருவான். திருகுகள் எங்கே நிற்க வேண்டும் என்று பெண்டாட்டியின் நகப்பாலிஷில் புள்ளி வைத்திருக்கிறான். அது என்னதான் செய்யும் என்று கேட்டேன்.

"கத்தறவன் வாயப் பொத்தும் பெரிம்மா, முணுமுணுக்கறவன முன்னால தள்ளும். அவ்ளோதான்."

துறைமுகத்தில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்குகிற வேலை அவனுக்கு. போன தவக்காலத்தில் வலது நடுவிரல் அதில் நசுங்கியது. காயம் ஆறியது, நுனியில் உணர்ச்சி திரும்பவில்லை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறித் தட்டுவதுதான் அவன் வாசிப்பு. ஒரு தட்டு கேட்டது, அடுத்தது கேட்கவில்லை. விசாரித்தால் "ஆறிப்போச்சு" என்று கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்வான்.

பாடற்குழுவை நடத்தும் கரோலின் நேராகவே சொன்னாள்: "அண்ணே, கோச்சுக்காத. திருவிழாப் பூசைக்கு ஜெரி கீபோர்டுலயே பேஸும் வாசிச்சிரட்டும்."

இருபத்திரண்டு வருடமாக வாசித்த இடம். மறுவாரம் பெட்டியோடு வந்தான். தட்டுகள் எல்லாம் ஒரே சத்தத்தில் கேட்டன.

அப்புறம்தான் வம்பு. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து முதல் குரல் எடுக்கும் அம்புரோஸுக்குக் கண் தெரியாது. கரோலின் கையசைப்பது அவருக்கு எதற்கு? லியோனார்டின் முதல் தட்டை வைத்துத்தான் பாட்டுக்குள் வருவார். ஒத்திகையில் மூன்று தரம் தவறினார்.

"இன்னாடா லியோ, உன் மொத தட்டு எங்க? பஞ்சு மெத்தைல வுழுந்தா மாதிரி கீது."

பெட்டி அந்த முதல் தட்டின் வாயையும் சேர்த்துப் பொத்திவிட்டது. கரோலின் ஜெரியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஞாயிறு மதியம் அம்புரோஸைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனான் லியோனார்ட். எவ்வளவு சீக்கிரத்தில் அமுக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பெட்டியில் தனித் திருகு ஒன்று உண்டு. "பொத்து, வேணான்னு சொல்லல. மொத வார்த்த வெளிய வந்தப்புறம் பொத்து" என்று அதோடு பேசிக்கொண்டே திருப்பினான். சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அம்புரோஸ், "வர்ல... வர்ல... இப்ப சுத்த கலீஜு" என்றபடி இருந்தார். நாலாவது டீக்கு, "ஆங், வந்துட்டான்" என்றார்.

திருவிழா அன்று முதல் பாட்டு. லியோனார்ட் தட்டினான். தூணுக்குப் பின்னாலிருந்து அம்புரோஸின் குரல் சரியாக அதன்மேல் ஏறியது. பேஸுக்குத் தயாராக வைத்திருந்த இடது கையைக் கட்டைகளிலிருந்து எடுக்கும்படி ஜெரிக்குக் கரோலின் கண்ணைக் காட்டினாள்.

பூசை முடிந்ததும் எல்லாரும் பிரியாணிக்கு ஓடினார்கள். அம்புரோஸ் பெஞ்சுகளைத் தொட்டுத் தொட்டு அவனிடம் வந்தார்.

"எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது. ஆனா ரெண்டாவது தட்டறது நோவு வெரலுன்னு எனுக்குத் தெரியும்டா. குடு இங்க."

லியோனார்ட் சுற்றுமுற்றும் பார்த்தான். நடுவிரலைப் பேண்ட்டில் துடைத்தான். பிறகு அதை அவர் உள்ளங்கையில் வைத்தான்.