ஜல்தியும் நிதானமும்

மாவு விழும் துணிக்குழாய்க்குள் கையை விட்டு, ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்க்கிறார் சின்னதுரை. தலையை ஆட்டினால் கேப்பை பதமாகிவிட்டது என்று பொருள். உதட்டைப் பிதுக்கினால் இன்னொரு ஓட்டு. கேப்பையைக் கொண்டுவந்த அம்மாளுக்கு அதில் பேச்சுரிமை கிடையாது.

"இன்னொரு தபா வுட்டாதாம்மா நைஸாவும். பொடியான பொருளுதான் ஒடம்புல சேரும்."

திண்டிவனத்தில் மரக்காணம் ரோடு பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அவருடைய மாவு மிஷின். அவருடைய புருவம் கறுப்பு என்பதை அவர் குளித்துவிட்டு வந்த பிறகுதான் நம்ப முடியும். மிளகாய் அரைக்கிற நாளில் தெருவே தும்முகிறது. அவர் மட்டும் தும்முவதில்லை. அந்தச் சத்தத்திலேயே காலம் தள்ளியவருக்குக் காது பாதிதான் கேட்கிறது. அதனால் யார் எதைச் சொன்னாலும் "ஆமாங்க, ஆமாங்க" என்பார். "துரை, பீடி நெருப்பு வேட்டில வுழுந்துட்சிபா" என்று ஒருவர் கத்தியதற்கும் ஆமாங்க என்றவர்தான்.

பொடியின் மேல் அவருக்குள்ள பக்தி மிஷினோடு நிற்பதில்லை. வீட்டுக்கு வரும் மாத்திரை எதுவானாலும் காகிதத்தில் மடித்து, எடைக்கல்லால் நசுக்கி, தேனில் குழைத்துத்தான் தருவார். முழு மாத்திரையை விழுங்குகிறவர்களை, தோலோடு மல்லாட்டைக் கடலை தின்கிறவர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

அந்தப் பக்திதான் போன ஆடி மாதம் அவரை உலுக்கிவிட்டது.

அக்கா தையல்நாயகி, ஓமந்தூரில் வாழ்ந்து, கணவர் போன பிறகு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவர். மார்பில் வந்த புற்று எலும்புக்குள் இறங்கியிருக்கிறது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் முதலில் சின்னச் சின்ன மாத்திரைகள் தந்தார்கள். அபின் வழி வந்த மருந்து. உள்ளே போன அரை மணியில் வலி அடங்கும். நாலு மணி நேரத்தில் மறுபடி தலை தூக்கும். அதையும் நசுக்கித்தான் கொடுத்தார் தம்பி. கெடுதல் ஒன்றும் ஆகவில்லை.

ஆடியில் ஊதா நிறத்தில் ஒரு புது மாத்திரை வந்தது. வெளிநாட்டிலிருந்து தருவித்தது, கடைகளில் கிடைக்காது. காலையில் ஒன்று, ராத்திரிக்கு ஒன்று போதும், நடுவில் வலி வெட்டினால் மட்டும் பழைய சின்ன மாத்திரை; முழுசாக விழுங்க வேண்டும், உடைக்கவோ மெல்லவோ கூடாது என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லிச் சொல்லி அனுப்பினார். சின்னதுரை கைகட்டி நின்று "ஆமாங்க, ஆமாங்க" என்றார்.

மறுநாள் காலை ஊதா மாத்திரை எடைக்கல்லுக்கடியில் போனது. தேனை நக்கிய அக்கா சிறிது நேரத்தில் அசந்து தூங்கினார். "பாவம், எவ்ளோ நாளாச்சி இப்டி தூங்கி" என்று மனம் நிறைந்து மிஷினுக்குப் போனார் தம்பி.

வெயில் ஏறியபோது அவருடைய மனைவி கிருஷ்ணவேணி ஓடி வந்தார். கத்திப் பார்த்தார். "ஆமாம், ஆமாம்" என்று பதில் வந்தது. நேரே போய் மோட்டாரை நிறுத்தினார். கடை முழுக்க அமைதி.

"அண்ணிய எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்குதுங்க. மூச்சு எப்பவாச்சும்தான் வருது."

வாடகைக் கார் பாண்டிச்சேரி ரோட்டில் பறந்தது. வழி நெடுக அக்காவின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார் சின்னதுரை. அவர் விரல்பட்ட இடமெல்லாம் மாவு. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இமையை விரித்துப் பார்த்தார். கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. மருந்தை முறிக்கிற ஊசி போட்டு, மூச்சுக்குக் காற்று வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தையல்நாயகி கண்ணைத் திறந்தார். அடங்கியிருந்த வலியும் கூடவே எழுந்துகொண்டது. "ஐயோ" என்று அவர் முனகியதைக் கேட்டு, அதற்குப் போய்ச் சந்தோஷத்தில் அழுதார் தம்பி.

"இது மாத்திரைக்குள்ள இருந்து கொஞ்சம் கொஞ்சமா கசியணுங்க. பன்னெண்டு மணி நேரத்து மருந்த நீங்க ஒரே வாய்ல குடுத்துட்டீங்க" என்றார் டாக்டரம்மா.

சின்னதுரை ஆமாங்க என்று சொல்லவில்லை. காதைக் கையால் மடித்துக்கொண்டு, "இன்னொரு தபா சொல்லுங்கம்மா" என்றார். அவர் மறுபடி சொன்னார். மிஷினில் தானியம் கொட்டுகிற மேல் தொட்டியின் தகட்டை முழுசாகத் திறந்து, எல்லாவற்றையும் ஒரே வீச்சில் இறக்கிவிட்டால் கல் என்ன பாடுபடும் என்பது சின்னதுரைக்குத் தெரியும். 

அதன்பிறகு வீட்டில் இரண்டு மாத்திரைக்கும் பெயர் வைத்தாயிற்று. சின்னது ஜல்தி. ஊதா நிதானம். தனித்தனி டப்பா, இரண்டும் பூட்டுக்குள்.

ஒரு மத்தியானம் இடுப்பில் வலி வெட்டியபோது தையல்நாயகி நிதானத்தைக் கேட்டு அடம்பிடித்தார். பெரிய மாத்திரைதானே, பெரிய வலிக்கு அதுதானே சரி என்பது அவர் கட்சி.

"அது ஆடி அசஞ்சி வர்றதுக்குள்ள நீ பாதியாய்டுவக்கா. இப்ப ஜல்திய போட்டுக்கோ."

"அப்ப அது எதுக்குடா தெண்டத்துக்கு?"

"ஜல்தி பாதி தூக்கத்துல வுட்டுட்டு ஓடிடும். நெதானந்தான் வெடியறவரைக்கும் கூட இருக்கும்."

பக்கத்து சைக்கிள் கடை சக்கரபாணி, முட்டி வலிக்கு அந்த மாத்திரையில் ஒன்று கேட்டு வந்தபோது சின்னதுரைக்கு வந்த கோபத்தில் மாவெல்லாம் உதிர்ந்துவிட்டது. "அக்கா ஒடம்புக்குன்னு அளந்து குடுத்ததுப்பா. ஒனக்கு அது யமன். பேஜாரு பண்ணாத. வேணும்னா வெந்தயம் எட்த்தா, நைஸா அரச்சித் தர்றேன்."

இப்போது தினமும் காலையில், மிஷினுக்குக் கிளம்பும் முன், அக்கா முன்னால் குந்துகிறார் சின்னதுரை. தண்ணீர்ச் சொம்பு இறங்கியதும், மென்றுவிட்டாரோ என்று சோதனை நடக்கிறது.

"வாயத் தொற."

திறக்கிறார்.

"நாக்கத் தூக்கு."

தூக்குகிறார்.

"முழுசா போச்சா?"

தையல்நாயகி நாக்கை முழு நீளத்துக்கும் வெளியே நீட்டிப் பழிப்புக் காட்டுகிறார். தம்பி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிற வரைக்கும் அதை உள்ளே இழுப்பதில்லை.